மூன்றாம் மாசத்துப் போட்டோ

என் மகள் எங்கள் வீட்டிலிருந்து கேட்டது ஒரே ஒரு போட்டோ. அதையும் என்னிடம் கேட்கவில்லை, அவள் அம்மாவிடம் கேட்டாள். ஐந்து வருஷமாக அவள் என்னோடு பேசுவதில்லை. சரியாகச் சொன்னால் நான் பேசவில்லை, அதனால் அவளும் பேசவில்லை. செங்கோட்டையில் ரயில் ஏறி மலையைத் தாண்டினால் கேரளாவில் புனலூர். அங்கேதான் அவள் இருக்கிறாள். எங்கள் சம்மதம் இல்லாமல், எங்கள் சாதி ஆள் இல்லாத ஒரு பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அப்போது அவளுக்கு மூன்று மாசத்தில் ஒரு பெண் குழந்தை.

அன்றைக்குக் காலை என் மனைவி அடுப்படியில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்கிற நேரங்களில் நான் ஒரே பக்கத்தை ரொம்ப நேரம் படிப்பேன். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்.

"கண்ணு அவங்க பாட்டியாம், மூக்கு அவங்க அச்சனாம், காது கூட யாரோ சித்தப்பாவாம்மா. இங்க எல்லாரும் பிள்ளையப் பங்கு போட்டுக்கிடுதாங்க. எஞ்சாடை ஒண்ணுமே இல்லையான்னு எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். "நான் குப்புற விழுந்ததும் ஸ்டூடியோவுல ஒரு போட்டோ எடுத்தீங்கள்லா, மூணாம் மாசத்துல, அது எம் பழைய லேப்டாப்புல கெடக்கு. அத மட்டும் எடுத்து அனுப்புங்கம்மா. பாப்பாவையும் அதே மாதிரி படுக்க வச்சுப் பாக்கணும். ஆல்பத்தக் கேக்கல, அதத்தான் அப்பா பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்களே."

அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிட்டது. மனைவி அடுப்படி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

பெட்டியில் ஆல்பம் கிடையாது. மகள் போன அந்த வாரத்திலேயே மூன்று ஆல்பத்தையும் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், முழு நினைவோடு செய்த காரியம் அது. மனைவி அன்றைக்கு சுந்தரபாண்டியபுரத்தில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். தேங்காய்ச் சிரட்டையை அடுக்கித் தீ மூட்டி, ஒவ்வொரு ஆல்பமாகத் தூக்கிப் போட்டேன். திறந்து பார்க்கவில்லை. திறந்தால் கை வராது என்று தெரிந்துதான் திறக்கவில்லை, அந்த அளவுக்கு யோசனை இருந்திருக்கிறது பாருங்கள். பிளாஸ்டிக் உருகி ஒரு நாற்றம் வந்தது. மத்தியானம் திரும்பி வந்த மனைவி நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய், சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். அன்றிலிருந்து மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

மகளிடம் மட்டும் அவள் சொல்லவே இல்லை. 'அப்பா கோவத்துல பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு, சாவி அவர்ட்ட இருக்கு' என்று ஒரு பொய்யைச் சொல்லி ஐந்து வருஷம் காப்பாற்றி வந்தாள். என்னைக் காப்பாற்ற என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளைக் காப்பாற்றத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

லேப்டாப்பில் அந்தப் படங்கள் வந்ததே ஒரு தனிக்கதை. குற்றாலத்துச் சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குளியல், எங்களுக்குப் பூஞ்சை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு வரைக்கும் சாரல் காற்று வரும். பெல்ட், செருப்பு, பீரோவில் வைத்த பட்டுச்சேலை எல்லாம் பூக்கும். ஆல்பத்துப் படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் முகத்தோடு வர ஆரம்பித்தன. காலேஜில் சேர்ந்த வருஷம் லீவில் என் மகள் கூடப் படிக்கிற பிள்ளை வீட்டிலிருந்து ஒரு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து, அத்தனை படத்தையும் லேப்டாப்பில் ஏற்றினாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. "ஏட்டி, ஆல்பம் இருக்கும்போது இது எதுக்கு வெட்டி வேல?" என்று நான்தான் கிண்டல் செய்தேன். "பூஞ்ச புடிச்சுப் போச்சுன்னா என்னப்பா செய்வீங்க?" என்றாள். அவள் பூஞ்சையை நினைத்துத்தான் பயந்தாள். அப்பனை நினைத்துப் பயப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

ஆக, அவளுடைய சின்ன வயசு முழுக்க இப்போது அந்த ஒரு டப்பாவுக்குள்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டில் மனைவி விசாரித்துப் பார்த்தாள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒன்றிரண்டு படங்களில் ஓரமாக நிற்கிறாள், அவ்வளவுதான். கைக்குழந்தைப் படம் யாரிடமும் இல்லை. படம் எடுத்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்றைக்குச் செல்போன் கடை இருக்கிறது.

பீரோவின் அடித்தட்டிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். மூடியில் அவள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. சார்ஜரைச் சொருகிப் போட்டதும் விளக்கு எரிந்தது, சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் குளித்துவிட்டு வந்தேன், சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து விட்டு விட்டு டக், டக் என்று ஒரு சத்தம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரை வந்தது. ஒரு ஃபோல்டரைத் தொட்டேன், அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

தென்காசியில் பெரிய கோவில் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறார். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர், என் வயசுக்குக் கொஞ்சம் கீழே. நான் போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் டவுனில் பாதிப் பேருக்கு இன்றும் ஏட்டையாதான். மகளுடைய படங்கள் உள்ளே இருக்கின்றன என்றேன். அவர் லேப்டாப்பைக் காதருகே தூக்கி வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க்கு சாகக் கெடக்கு ஏட்டையா" என்றார். "உள்ள தட்டு சுத்துது, அத ஒரு ஊசி படிக்குது. தட்டுல அங்கங்க எடம் கெட்டுப் போச்சு. கெட்ட எடத்துல ஊசி நின்னு நின்னு திரும்பத் திரும்பப் படிக்கப் பாக்குது, அதான் இந்தச் சத்தம். ரெண்டு நாள் இங்கன விட்டுட்டுப் போங்க. முதல்ல உள்ள இருக்க படத்த எல்லாம் வேற டிஸ்க்குல எறக்கிருதேன். ரிப்பேரு அப்புறம்."

"விட்டுட்டுப் போக முடியாது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் காரணம் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவன் பொம்பளப் பிள்ளைப் படம் இருக்கிற லேப்டாப்பைக் கடையில் விட மாட்டேன் என்கிறான் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது. முகம் சுருங்கிப் போனது. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். எந்த ஊரிலோ எவனோ செய்த தப்பு கேஸ் கட்டில் வந்ததைப் படித்துப் படித்து, எல்லோரையும் அதே கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். வேலை போனபிறகும் அந்தக் கண் போகவில்லை.

இருந்தாலும் அவர் கோபப்படவில்லை. டிஸ்க் ரிப்பேர் செய்கிற சாஃப்ட்வேரை ஒரு பென்டிரைவில் போட்டு, எப்படி ஓட்ட வேண்டும் என்று இரண்டு தடவை செய்து காட்டினார். "இது ஒவ்வொரு எடமாப் போயி, கெட்டத எழுப்பப் பாக்கும். எந்திரிக்காதத ஒதுக்கி வச்சிரும். ஆனா ஒண்ணு, இது டிஸ்க்கப் போட்டு வாட்டி எடுத்துரும். அதனால முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேரு" என்றார். எனக்கு ஞாபகம் இருக்காது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். ஒன்று, காப்பி. இரண்டு, ரிப்பேர். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

காப்பிதான் முதலில் ஆரம்பித்தேன், அது சத்தியம். 'ஆல்பம்' என்ற ஃபோல்டரைக் கண்டுபிடிக்கவே ஒரு முற்பகல் ஆனது. பென்டிரைவுக்கு மாற்றச் சொன்னால் பச்சைக் கோடு ஒரு நெல்மணி அளவுக்கு நகர்ந்து நின்றது. இன்னும் ஆறு மணி நேரம் என்றது, பிறகு இரண்டு நாள் என்றது, பிறகு ஒன்றுமே சொல்லாமல் கறுத்துப் போனது. மறுபடி முக்கால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி கறுத்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது என்று என் மனைவி சொல்வாள். செய்யும், ரொம்ப நியாயமாக வேலை செய்வது போலத் தெரியும், அதுதான் ஆபத்து. ரோடு குண்டும் குழியுமாக இருந்தால் முதலில் ரோட்டைச் சரி பண்ணுவானா, லாரியை விடுவானா? ரிப்பேரை முதலில் ஓட்டுவோம், காப்பி தன்னால் ஓடும் என்று முடிவு கட்டினேன். ரிப்பேர் சாஃப்ட்வேரைத் தட்டிவிட்டேன்.

மூன்று நாள் ஓடியது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். நல்ல இடம் என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு, சிவப்பை எழுப்பிவிட்டால் நீலம். ஸ்டேஷனில் நாங்கள் கேடிப் பட்டியல் வைத்திருப்போம். எந்தத் தெருவில் எவன் ஆபத்து, எவன் திருந்திவிட்டான் என்று. அதே மாதிரிதான் எனக்குப் பட்டது. ஒவ்வொரு சிவப்பு நீலமாகும்போதும் 'வாலே வழிக்கு' என்று சொல்லிக்கொள்வேன். சீசன் காற்றில் கரண்ட் அடிக்கடி போகும். லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் இன்வெர்ட்டர் வயரை இழுத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு, ஸ்டேஷன் காவலுக்கு உட்காருவது மாதிரி பாரா உட்கார்ந்தேன். சூடாகிறது என்று மனைவி மேஜை மின்விசிறியைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தாள். அவளும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். டி.வி. பார்ப்பது மாதிரி இரண்டு பேரும் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் முடிந்தது. அணைத்துப் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் திரை வந்துவிட்டது. 'ஆல்பம்' உடனே திறந்தது. வரிசை வரிசையாகக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் படங்கள் வந்து நிறைந்தன. மனைவி சத்தம் வராமல் அழுதாள். என் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். மேல் வரிசையிலேயே அது இருந்தது. சிவப்புத் துணி, அதன் மேல் வெள்ளையாக ஒரு உருவம்.

"தொறங்க, பெருசாப் பாப்போம்" என்றாள் மனைவி.

"வேண்டாம். அவ கையால தொறக்கட்டும்" என்றேன்.

"அப்ப காப்பியாவது எடுத்துருங்க. பாய் சீட்டுல எழுதிக் குடுத்துருக்காருல்லா?"

இந்த இடத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தது. பென்டிரைவ் மேஜையிலேயே இருந்தது, எட்டி எடுத்தால் போதும். எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இவள் அந்தப் படத்தைப் போன் வழியாக அந்த நிமிஷமே அனுப்பிவிடுவாள். மகள் இரண்டு கை கூப்பின படம் ஒன்றைப் பதிலுக்குப் போடுவாள். அதோடு முடிந்தது. நான் புனலூருக்குப் போக ஒரு காரணமும் இருக்காது. பேத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. பிரசவத்துக்கு மனைவி மட்டும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள், நான் மெஸ்ஸில் சாப்பிட்டேன். கூப்பிடாத வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது? எனக்கு அந்த லேப்டாப் வேண்டியிருந்தது.

இதை வெளியே சொல்லவில்லை. வெளியே சொன்னது வேறு. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்புவோம். அதில் ஒரு கீறல் இருக்கக் கூடாது, ஒரு கரண்டி குறையக் கூடாது. என் மகளுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி கூடப் போகவில்லை. "முதன்முதலா அவ வீட்டுக்கு ஒரு பொருள் போவுது. துண்டு துண்டாவா அனுப்புவாங்க? முழுசா, ஓடுத பொருளாக் கொண்டு போறேன்" என்றேன். இந்தச் சீர்வரிசைப் பேச்சு மனைவியிடம் பலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அந்தக் குறை நெஞ்சில் இருந்தது. எழுந்து போய்ப் புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். லேப்டாப்பின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள்.

மகளிடம் அவளே போனில் சொன்னாள். "அப்பா கொண்டு வாறாங்களாம்." அந்தப் பக்கமிருந்து "சரி, வரட்டும்" என்று கேட்டது. நீயும் வா என்று மனைவியைக் கூப்பிட்டேன். "நான் வந்தா எம் முதுகுக்குப் பின்னாலயே நிப்பீங்க. நீங்களே போயிட்டு வாங்க" என்றாள்.

செங்கோட்டையில் காலை ரயில் ஏறினேன். மகளுக்குப் பிடிக்கும் என்று மங்குஸ்தான் பழம் ஒரு பை. துண்டில் சுற்றிய லேப்டாப் மடியில். மேலே வைக்கவில்லை, கீழே வைக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். எதிரில் இருந்த ஒரு அம்மா கைக்குழந்தையோ என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். குகைகளைத் தாண்டும்போது என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். படம் திறந்ததும் பேச்சு தன்னால் வரும் என்று நம்பினேன்.

சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மகள் கதவைத் திறந்து "வாங்கப்பா" என்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "முழிச்சதும் தாரேன்" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு வாய் திறந்தது, ஆனால் ரயிலில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. சிவப்புக் கட்டம், நீலக் கட்டம், பாரா உட்கார்ந்தது, மின்விசிறி வைத்தது எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் தொட்ட ஓரத்தை விரலால் தடவினாள். பூ ஸ்டிக்கரைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

லேப்டாப்பைத் தரையில் பாய் மேல் வைத்துச் சார்ஜரைச் சொருகினேன். "நீயே போடு" என்றேன். போட்டாள். விளக்கு எரிந்தது. டக், டக் என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. டிஸ்க் எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அணைத்துப் போட்டோம். அதே வரி. "ரயில்ல ஆடி வந்துருக்குல்லா, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். அரை மணி நேரம் கழித்துப் போட்டபோது டக் சத்தமும் இல்லை. நான் நாலாவது தடவை அழுத்தப் போனபோது மகள் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"விடுங்கப்பா, போனாப் போவுது" என்றாள். "ஆல்பம் பெட்டியில இருக்குல்லா? ஊருக்குப் போனதும் பெட்டியத் தொறந்து அந்த ஒரு படத்த மட்டும் அம்மாவ போன்ல எடுக்கச் சொல்லுங்க. ஆல்பம் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு அது வேண்டாம்."

"ஆல்பம் இல்லம்மா" என்றேன்.

"எங்க போச்சு?"

"எரிச்சிட்டேன்."

"எப்ப?"

"நீ வீட்ட விட்டுப் போன அதே வாரம்."

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

குழந்தைத் துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. அவள் போய் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்து வைத்த ஒரு சட்டையை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்குள் குழந்தை விழித்துச் சிணுங்கியது. தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் கிடத்தினாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க" என்றாள். கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டாள். "இந்த வயசுல எனக்கு மொகம் எப்படி இருந்துச்சு? இவள மாதிரியா?"

நான் குழந்தையைப் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்தது. நெற்றி அகலம், மேலுதட்டில் பால் படிந்திருந்தது. ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்க மாட்டான் என்று டிப்பார்ட்மெண்டில் எனக்குப் பேர் இருந்தது. மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது குற்றாலத்தில் சீசன். மெயின் அருவியில் எனக்குப் பந்தோபஸ்து. பத்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவேன், வரும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். குளிக்கிறவர்கள் கழற்றி வைத்த வாட்சுகளைச் சுருட்டுகிற ஒருத்தனை அந்தச் சீசனில் பிடித்தேன். அவன் முகம் இப்போதும் தெரிகிறது, இடது புருவத்தில் ஒரு வெட்டு. கூட்டத்தில் தொலைந்து போய் நான் தூக்கி நின்ற மதுரைக்காரப் பிள்ளையின் முகம்கூடத் தெரிகிறது. என் பிள்ளையின் முகம் வரவில்லை.

அந்தப் படத்தை யோசித்தேன். சிவப்புத் துணி, ஓரத்தில் பிளாஸ்டிக் பூ வைத்த ஜாடி, காலில் வெள்ளிக் கொலுசு, கன்னத்தில் பெரிசாகக் கறுப்புப் பொட்டு. அத்தனையும் சொன்னேன். அவள் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொகம்ப்பா?" என்றாள். உன்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அத்தனை சொன்னபிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். நன்றாகவே சமைத்திருந்தாள். அதற்குள் குழந்தை பாயில் கிடந்து முக்கி முனகி, குப்புற விழுந்து, தலையைத் தூக்கிப் பார்த்தது. மகள் போனை எடுத்து அதை ஒரு படம் எடுத்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் படத்த எனக்கு ஒண்ணு அனுப்பும்மா" என்றேன். ஐந்து வருஷத்தில் நான் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"உங்ககிட்ட வேண்டாம்ப்பா" என்றாள். "அம்மாக்கு அனுப்புதேன். அதுல பாத்துக்கிடுங்க."

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகத் தயாராகவே போனேன். அவர் டிஸ்க்கைக் கழற்றித் திறந்து காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்த தட்டில் வட்டமாக ஒரு கீறல், பக்கத்தில் கறுப்பாகப் பொடி. "மூணு நாளும் ஊசி தட்டத் தேச்சுக்கிட்டே இருந்துருக்கு ஏட்டையா. இனிம யார்ட்ட குடுத்தாலும் வராது" என்றார். டிஸ்க்கை மூடிக்கொண்டே, "முடிஞ்சதும் ஓடுச்சுன்னீங்களே, அப்பம் காப்பி எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. துண்டுச் சீட்டு அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மகள் போட்டோ அனுப்புகிறாள், அவள் அம்மா போனுக்கு. வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். குழந்தை உட்கார்ந்துவிட்டாள், இரண்டு பல் வந்துவிட்டது. மனைவி நன்றாகத்தான் நடந்துகொள்கிறாள், ஒன்றையும் மறைப்பதில்லை. காலையில் காபி குடித்ததும் நான் கேட்பேன், போனைத் திறந்து கையில் தருவாள். நான் முகத்தை மட்டும் பார்க்கிறேன், நெற்றி, புருவம், மேலுதடு என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். பார்த்து முடித்ததும் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.